உலக முடிவுக்கு நால்வர்

பாடசாலை அதிபர் ஒருவன் ஒலிவாங்கியின் முன் வந்து அமர்ந்தால், கல்வியைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோதான் பேசப்போகின்றான் என்று கேட்போர் எண்ணுவது இயல்பு. அவ்வாறு எண்ணி வானொலிப் பெட்டியை மூடிவிடவேண்டா. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது ஒரு மலைநடையைப் பற்றியது. ஐம்பது வயதைக் கடந்த நண்பர் நால்வர் ஒரு சனி ஞாயிறு விடுமுறையிலே ஒஹியவிலிருந்து ஹோட்டன் சமவெளிக்கு நடந்து சென்று, உலக முடிவைப் பார்த்துவர முற்பட்ட கதை. பார்த்துவந்தோம் என்று கூறாமல், பார்த்துவர முற்பட்டோம் என்று கூறுவதற்குக் காரணம் உண்டு. அது போகப்போக விளங்கும்.

நாங்கள் நால்வரும் 1990 களின் தொடக்கத்திலே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவராய் இருந்தவர்கள். பேராதனையிற் பயின்றவர்க்கு ஹந்தானை மலையைப் பற்றி எடுத்துரைக்கவேண்டியதில்லை. விரிவுரை கேட்கும்போதும், நூலகத்திலிருந்து தலையை நிமிர்த்தும்போதும், பரீட்சைப் பெறுபேறு பார்த்து மனம் நொந்து நிற்கும்போதும் அம்மலை கண்முன்னே நிற்கும். சனிக்கிழமைகளிலே பாணும் சீனிச்சம்பலும் கட்டிக்கொண்டு அதன்மேல் ஏறுவோம். அப்படி ஏறியிருந்த ஒருநாள், அடுத்த விடுமுறையில் உலக முடிவுக்கும் போய்வருவது என்று தீர்மானித்தோம். அந்த அடுத்த விடுமுறை வர முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. தமிழ் இளைஞர் நால்வர் முதுகிலே பொதியைச் சுமந்துகொண்டு விடியுமுன் காட்டுப்பாதையிலே நடப்பது அந்நாளிலே பலருக்கு விளக்கம் கூறவேண்டிய ஒரு செயலாய் இருந்தது. பின்னர் தொழில் வந்தது, குடும்பம் வந்தது, ஒருவரை ஒருவர் கலியாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும் கண்டு, "ஒருமுறை போகவேணும்" என்று சொல்லிப் பிரிவதே வழக்கமாய்ப் போயிற்று.

2023 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே அது கைகூடியது. பெப்ரவரி என்று நாள் குறித்தவன் நான். ஹோட்டன் சமவெளிக்குச் செல்லுதற்குச் சனவரி முதல் மார்ச்சு வரையுள்ள காலமே உகந்தது. மழை குறைவு, இரவிலே கடுங்குளிர், சில விடியற்காலைகளிலே புல்நுனியிலே உறைபனி வெண்ணிறமாய்ப் படிந்திருக்கும், காலையிலே வானம் தெளிந்திருக்கும்.

நண்பர்களின் பெயர்களைச் சொல்லாமல் ஊர்ப் பெயர்களையே சொல்கின்றேன். யாழ்ப்பாணத்து நண்பர் வங்கியிலே முகாமையாளராய் இருப்பவர். எதையும் பட்டியல் எழுதிச் செய்பவர். பனங்கட்டி, ஒடியல், மின்சூள், காயத்துக்குக் கட்டும் துணி என்று அவர் கொண்டுவந்த பொருள்கள் யாவும் ஒரு தாளிலே இலக்கமிடப்பட்டிருந்தன. மட்டக்களப்பு நண்பர் அதற்கு நேர்மாறானவர். அவர் கொண்டுவந்தது இரண்டு சட்டி எருமைத் தயிர். பேருந்திலும் புகையிரதத்திலும் மாறி மாறி ஏறி, அத்தயிரை மடியிலே குழந்தையைப் போல வைத்துக்கொண்டு வந்திருந்தார். மலையேறுபவனுக்குத் தயிர்ச் சட்டி எதற்கு என்று வங்கி முகாமையாளர் கேட்டார். இறங்கி வந்தபின் எல்லாருக்கும் விளங்கும் என்பதே மறுமொழியாய் இருந்தது.

மூன்றாமவர் வவுனியா நண்பர். அவரைப் பற்றிச் சற்று விரித்துக் கூறவேண்டும். இப்பொழுது வவுனியாவிலே அரச அலுவலகம் ஒன்றில் நிருவாக உத்தியோகத்தராய் இருந்தாலும் அவர் பிறந்தது மலைநாட்டிலே. அதிலும் உலக முடிவுக்கு நேர்கீழே. ஹோட்டன் சமவெளி தெற்கே சென்று திடீரென்று அறுந்து விழுகின்றது. அந்தப் பாறைச் சுவரின் அடிவாரத்திலே, பெலிஹுல்ஓயாப் பக்கமாகத் தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றின் லயத்திலே அவருடைய பெற்றோர் வாழ்ந்தனர். காலையிலே கதவைத் திறந்தால் அந்தச் சுவர்தான் தெரியுமாம். மேலே என்ன இருக்கின்றது என்று கேட்டால், "துரைமார் வந்து நின்று எட்டிப் பார்க்கிற இடம்" என்று தகப்பனார் சொல்வாராம். 1964 ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அவருடைய பெரியப்பா குடும்பம் இந்தியாவுக்குப் போயிற்று. 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் இவர்களுடைய குடும்பம் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்குப் பெயர்ந்தது. அப்போது அவருக்கு ஒன்பது வயது. அதன்பிறகு அந்தப் பக்கம் அவர் போனதில்லை. தோட்டத்தின் பெயரை வானொலியிலே சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், சொல்லவில்லை.

இந்தக் கதை முழுவதும் பேராதனையிலே எங்களுக்குத் தெரியாது. தோட்டத்திலே பிறந்தவர் என்பதை மட்டும் அறிந்திருந்தோம். மற்றவற்றைச் சனிக்கிழமை இரவு, ஒஹியவிலே ஒரு சிறு விடுதியின் அடுக்களையிலே, அடுப்பைச் சுற்றி அமர்ந்திருந்தபோது அவராகவே சொன்னார். முப்பது ஆண்டு பழகிய ஒருவரைப் பற்றி நமக்குத் தெரியாதது இவ்வளவா என்று எனக்கு வெட்கமாய் இருந்தது.

ஒஹிய என்னும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்டிப் பக்கத்திலிருந்து பதுளைக்கு வரும் புகையிரதம் பட்டிப்பொலவிலே 1,890 மீற்றருக்கு மேலான உயரத்தை அடைகின்றது. இலங்கைப் புகையிரத நிலையங்களுள் அதுவே மிக உயரமானது. அதனைக் கடந்து ஒரு சுரங்கத்தினூடே நுழைந்து வெளிப்பட்டால் ஊவாப் பக்கம். சுரங்கத்தின் ஒரு வாயிலிலே மழையும் மறு வாயிலிலே வெயிலும் இருப்பது அங்கே புதுமையன்று. என் நண்பர்கள் அவ்வழியாக வந்தார்கள். நான் பண்டாரவளையிலிருந்து எதிர்த்திசையாக, இதல்கஸ்ஹின்னவைக் கடந்து, சுரங்கம் சுரங்கமாகப் புகுந்து வந்து சேர்ந்தேன். ஒஹிய நிலையம் சிறியது. நாலைந்து கடை, ஒரு சரிவு, சரிவெல்லாம் மரக்கறித் தோட்டம். அங்கிருந்து சமவெளியின் நடுவிலுள்ள பழைய விடுதிவரை ஏறத்தாழ 11 கிலோமீற்றர் ஏற்றம். இப்பொழுது பெரும்பாலோர் மோட்டார் வாகனத்திலேயே போகின்றனர். நாங்களோ மாணவப் பருவத்திலே நடப்பதென்று தீர்மானித்தவர்கள். ஆகையால் நடப்பதே முறை என்று முடிவு செய்தோம். முடிவு செய்தோம் என்பதிலும் சிறிது பொய் உண்டு. முடிவு செய்தவன் நான், மற்றவர்கள் மறுக்கவில்லை.

நேரத்தைக் குறித்தவனும் நானே. உலக முடிவைக் காலை ஒன்பது மணிக்குள், பிந்தினால் பத்து மணிக்குள் அடைந்துவிடவேண்டும். அதற்குமேல் மூடுபனி எழுந்து யாவற்றையும் மறைத்துவிடும். நான் கலைப் பட்டதாரி. இதன் காரணத்தை எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர்தான் எனக்குக் கரும்பலகையிலே வரைந்து காட்டினார். கீழே சமதரையிலே காலை வெயிலால் சூடேறும் காற்று, ஈரத்தையும் ஏந்திக்கொண்டு, அந்தப் பாறைச் சுவரை ஒட்டி மேலேறுகின்றது. ஏற ஏறக் குளிர்கின்றது. குளிர்ந்ததும் அதிலுள்ள நீராவி நுண்துளிகளாக மாறி முகிலாகின்றது. எனவே வெயில் ஏறுவதற்கும் காட்சி மறைவதற்கும் தொடர்பு உண்டு. காலையிலே வெயில் நன்றாய் எறிக்கின்றதே என்று மகிழ்ந்து தாமதிப்பவன் ஏமாறுவான். இந்த அறிவை நண்பர்களுக்கு இரவே ஊட்டிவிட்டேன். இது என் தொழிலின் குற்றம். விடியற்காலை நாலரை மணிக்குப் புறப்பாடு என்று அறிவித்து, மணி அடிக்காத குறையாக எல்லாரையும் எழுப்பினேன். வாயிற்படியிலே சப்பாத்தைக் கட்டிக்கொண்டிருந்த மட்டக்களப்பு நண்பர் தலையை நிமிர்த்தி, "மச்சான், உலகம் முடியிற இடத்துக்குப் போறதுக்கு இவ்வளவு அவசரமா?" என்று கேட்டார்.

இருட்டிலே நடந்தோம். மின்சூளின் வெளிச்சத்திலே எங்கள் மூச்சு புகைபோலத் தெரிந்தது. ஒருபுறம் மரக்கறிப் பாத்திகள், பின்னர் சவுக்கும் பைனும், பின்னர் மெல்ல மெல்ல இயற்கைக் காடு. கீழ்வானம் வெளுத்தபோது ஊவா மலைத்தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக, நீலத்திலிருந்து சாம்பலாகவும் சாம்பலிலிருந்து பச்சையாகவும் மாறியதைக் கண்டோம். அந்த ஏற்றத்திலேயே வவுனியா நண்பர் சற்றுப் பின்தங்கி வந்தார். கையிலே ஒரு பழைய குடை; அதனை ஊன்றுகோலாகப் பயன்படுத்தினார். கேட்டபோது, "ஒண்டுமில்லை, நீங்கள் நடவுங்கோ" என்றார். முழங்காலிலே அவருக்கு நெடுநாளாக வருத்தம் உண்டென்பதும், வைத்தியர் நெடுந்தூரம் நடக்கவேண்டாம் என்று கூறியிருந்தார் என்பதும் எங்களுக்கு அப்போது தெரியா.

சரணாலய வாயிலிலே அலுவலர்கள் பொதிகளைத் திறந்து பார்த்து, பொலித்தீன் பைகளை எடுத்துக்கொண்டு கடதாசி தந்தார்கள். தண்ணீர்ப் போத்தல்களைச் சுற்றியிருந்த மெல்லிய சுற்றுத்தாளையும் உரித்து எடுத்தார்கள். யாழ்ப்பாணத்து நண்பர் தம் பட்டியலிலே பொலித்தீன் பை என்றிருந்ததை வெட்டிவிட்டார். பாராட்டத்தக்க ஏற்பாடு அது. எங்கள் ஊர்க் கோயில் திருவிழாக்களிலும் இப்படி ஒருவர் வாயிலிலே நின்றால் நன்று.

சமவெளியைக் கண்டதும் பேச்சு நின்றுவிட்டது. 2,100 மீற்றர் உயரத்திலே, அலையலையாகப் புல்வெளி. இடையிடையே தீவுகளைப் போலக் காடு. தீவின் மரங்கள் உயரமானவை அல்ல. காற்றுக்குப் பணிந்து, குடை விரித்தாற்போலத் தலை தட்டையாய் நிற்கும் கீனா மரங்கள். கிளைகளிலே நரைத்த தாடியைப் போலத் தொங்கும் இலைக்கன். ரோடொடென்ட்ரன் மரங்களிலே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செம்மலர். ஓடையோரமெல்லாம் குறுமூங்கில். மூடுபனியின் நீரை அந்தப் பாசியும் இலையும் வாங்கிச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்கு ஊட்டுகின்றன. மழை இல்லாத நாளிலும் காட்டினுள்ளே துளி விழும் ஒலி கேட்கும். மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று பெரிய ஆறுகளுக்கும் இந்த மேட்டுநிலத்திலிருந்து நீர் செல்கின்றது. தலைநகரத்திலே குழாயைத் திறப்பவரும், தென்னகத்திலே வயலுக்கு மடை திறப்பவரும் இந்தப் பாசிக்குக் கடன்பட்டவரே.

பெயர்களெல்லாம் ஆங்கிலேயர் இட்டவை. 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த வில்மட் ஹோட்டனின் பெயரே சமவெளிக்கு. சிங்கள மக்கள் அதற்குமுன் இதனை மகா எலிய என்றழைத்தனர். நடுவிலுள்ள விடுதி தோமஸ் ஃபார் என்னும் தோட்டத்துரையின் பெயரைத் தாங்கியது. நீர்வீழ்ச்சிக்கோ சாமுவேல் பேக்கரின் பெயர். 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே நுவரெலியாவிலிருந்து வேட்டையாடித் திரிந்தவர் அவர். அந்நாளில் இங்கே யானைகளும் இருந்தன, சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். பிற்காலத்திலே சமவெளியின் ஒரு பகுதியில் உருளைக்கிழங்கும் பயிரிட்டார்கள். 1988 ஆம் ஆண்டு இது தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 2010 இலே, சிவனொளிபாதமலைக் காட்டோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்த்து, யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலே இடம்பெற்றது. இப்பொழுது அங்கே அதிகம் காணப்படுவது மரைகள்தாம். நாங்கள் சென்றபோது பழைய விடுதியின் அருகே ஒரு பெரிய கிளைக்கொம்பன் நின்றது. கூட்டமாய் வந்தவர்களிடத்திலே அது பிச்சைக்காரனைப் போல முகத்தை நீட்டியதைக் காணப் பொறுக்கவில்லை. கொடுக்கக்கூடாது என்று எழுதி வைத்திருந்த பலகையின் கீழேயே ஒருவர் பாண் துண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்.

அங்கே நாங்கள் சேர்ந்தபோது மணி எட்டரை. என் கணக்குக்கு அரைமணி பிந்திவிட்டது. உலக முடிவுக்குச் செல்லும் பாதை ஒரு வட்டம்; சுற்றி வர ஒன்பது கிலோமீற்றர் வரும். சிறிது தூரம் சென்றதும் பாதை இரண்டாகப் பிரிகின்றது. இடப்பக்கம் போனால் முதலிலே சிறிய உலக முடிவு, பின்னர் பெரிய உலக முடிவு. வலப்பக்கம் போனால் பேக்கர் நீர்வீழ்ச்சி, அதன்பின் அதே பெரிய உலக முடிவு. எந்தப் பக்கம் சென்றாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றே. இதனை நேயர்கள் மனத்திலே வைத்துக்கொள்ளவேண்டும்.

பிரிவிலே இடப்பக்கம் திரும்பிய நான் நிற்கவில்லை. மூடுபனியைப் பற்றிய எண்ணமே என்னைத் துரத்திற்று. நான் வேகமாக நடக்க, பட்டியல்காரரும் தயிர்க்காரரும் என் பின்னே ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போதெல்லாம் ஆசிரியர்களுக்கு நான் இடும் முதற் கட்டளை யாதெனின், மிக மெதுவாய் நடக்கும் பிள்ளையை முன்னே விடவேண்டும். ஆசிரியர் ஒருவர் கடைசியிலே வரவேண்டும் என்பது. இருபத்தைந்து ஆண்டுகளாக இதனைச் சொல்லி வருகின்றேன். அன்று என் நினைவுக்கு அது வரவில்லை.

சிறிய உலக முடிவிலே, ஏறக்குறைய 300 மீற்றர் ஆழமுள்ள முதற் பள்ளத்தின் விளிம்பிலே நின்று மூச்சு வாங்கியபின் திரும்பிப் பார்த்தால், வவுனியா நண்பரைக் காணவில்லை. பத்து நிமிடம் பொறுத்தோம். பின்னர் இன்னும் பத்து நிமிடம். பலர் வந்தார்கள், அவர் வரவில்லை. கைத்தொலைபேசியிலே தொடர்பு இல்லை. அதற்குள்ளே கீழிருந்து முதல் முகிற் சுருள் மேலேறிப் பள்ளத்தை மூடிற்று. அதுவரை அழகாய்த் தோன்றிய அந்த விளிம்பு ஒரு கணத்திலே வேறொன்றாய்த் தோன்றியது. அவ்விடங்களிலே எல்லாப் பக்கமும் வேலி கிடையாது. பாதையைவிட்டு நாலடி விலகினால் புல்லுக்கும் வெளிக்கும் வேறுபாடு தெரியாத இடங்கள் உண்டு. யாழ்ப்பாணத்து நண்பர் மெதுவாக, "அவன் நேற்று இரவு சொன்னதெல்லாம்…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். அவர் எதை நினைத்தாரோ அதையே நானும் நினைத்தேன். பிறந்த வீட்டை விட்டு விரட்டப்பட்ட ஒருவன், நாற்பத்தாறு ஆண்டுகளின் பின், அதற்கு நேர்மேலே தனியே நடந்துகொண்டிருக்கின்றான். அவனைத் தனியே விட்டவர்கள் நாங்கள்.

நீங்கள் இருவரும் இன்னும் ஒருமணி நேரம் இங்கே பாருங்கள். அதன்பின் பெரிய முடிவுக்கு வாருங்கள் என்று கூறிவிட்டு நான் வந்த வழியே திரும்பினேன். திரும்பி நடந்த அந்த இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தைப் போன்ற நீளமான பாதையை என் வாழ்நாளிலே நான் நடந்ததில்லை. எதிரே வந்த ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டேன். பிரிவை அடைந்தபோது, வலப்பக்கத்துப் பாதையிலிருந்து திரும்பி வந்த ஒரு சிங்களக் குடும்பத்தைக் கண்டேன். எனக்குத் தெரிந்த சிங்களத்திலே கேட்டேன். குடையை ஊன்றிக்கொண்டு நொண்டி நொண்டி ஓர் அங்கிள் நீர்வீழ்ச்சிப் பக்கம் போனார் என்று அவர்களுடைய சிறு பெண் கூறினாள். "அவருக்குக் கால் நோகிறது, ஆனாலும் சிரித்தார்" என்றும் கூறினாள். அந்தச் சிறுமிக்கு என் பொதியிலிருந்த பனங்கட்டி முழுவதையும் கொடுத்துவிட்டேன். பட்டியல்காரர் பின்னர் கணக்குக் கேட்டார்.

வலப்பக்கத்துப் பாதையிலே நான் ஓடினேன் என்று சொன்னால் பொய். என் வயதுக்கு இயன்றவாறு விரைந்தேன். பேக்கர் நீர்வீழ்ச்சி பாதையிலிருந்து சற்றுக் கீழே இறங்கிப் பார்க்கவேண்டியது. இருபது மீற்றர் அளவிலே கரும்பாறைமேல் விரிந்து விழும் வெள்ளை நீர். இறங்கிப் பார்த்தேன், அழகைப் பார்ப்பதற்கன்று, ஆள் இருக்கின்றாரா என்று பார்ப்பதற்கு. இல்லை. அங்கே நின்றபோதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. இந்த நீர்தான் பாறைகளினூடே இறங்கி, கீழே பெலிஹுல்ஓயாவாகிப் பின்னர் வளவையிலே சேர்கின்றது. தாயார் துணி தோய்த்த ஆற்றைப் பற்றி இரவு அவர் சொல்லியிருந்தார்.

பெரிய உலக முடிவை நான் அடைந்தபோது மணி பதினொன்றரை ஆகிவிட்டது. 870 மீற்றருக்கு மேலான ஆழம் என்று நூல்கள் கூறும் அந்தப் பள்ளத்தின் விளிம்பிலே நின்று நான் கண்டது வெண்மை ஒன்றையே. சலவை செய்த வேட்டியைக் கண்முன்னே பிடித்தாற்போன்ற வெண்மை. தெளிந்த காலையிலே அங்கிருந்து சமனலவெவ நீர்த்தேக்கமும், அதற்கப்பால் தென்கடலின் கோடும்கூடத் தெரியும் என்பார்கள். நான் பார்த்ததில்லை, இன்றுவரை பார்க்கவில்லை.

அந்த வெண்மையின் இப்புறத்திலே ஒரு கல்லின்மேல் வவுனியா நண்பர் அமர்ந்திருந்தார். சுற்றிலும் பல்கலைக்கழக மாணவர் போலத் தோன்றிய சிங்கள இளைஞர் ஐந்தாறு பேர். அவர்களில் ஒருவன் தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவருடைய முழங்காலைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். மற்றொருவனுடைய சோற்றுப் பொதி அவர் கையிலே பாதி உண்ட நிலையிலே இருந்தது. என்னைக் கண்டதும் அவர், "வா மச்சான், பருப்பு நல்லாயிருக்கு" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை நேயர்கள் மன்னிக்கவேண்டும். அந்த இளைஞர்களின் முன்னாலேயே, பாடசாலைக்குப் பிந்தி வந்த மாணவனைக் கண்டிப்பதுபோல அவரைக் கண்டித்தேன். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டாமா என்றேன். அவர் சோற்றை விழுங்கிவிட்டு, தாம் வழி தவறவில்லை என்றார். பிரிவிலே இருந்த பலகையை நன்றாய் வாசித்துத்தான் வலப்பக்கம் திரும்பினாராம். இரண்டு வழியும் ஓரிடத்திலேதான் சேருகின்றன என்று பலகையிலே வரைந்திருந்தது. உங்களுக்குப் பின்னால் இழுபட்டு வருவதைவிட என் நடையிலே நான் வருகின்றேன் என்று எண்ணினாராம். "சொல்லாமல் வந்தது பிழைதான். சொல்லுறதுக்கு நீ நிக்கவேணுமே" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

சிறிது நேரத்திலே மற்ற இருவரும் மறுவழியாக வந்து சேர்ந்தார்கள். மட்டக்களப்பு நண்பர் ஒன்றும் பேசாமல் வந்து அவரைக் கட்டிக்கொண்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அதுவே முதன்முறை. யாழ்ப்பாணத்து நண்பர் காயத்துக்குக் கட்டும் துணியை எடுத்து நீட்டினார். ஏற்கெனவே கட்டியாயிற்று என்றறிந்ததும் சற்று ஏமாற்றமடைந்தார் போலும்.

பின்னர்தான் கேட்டோம், ஏதாவது தெரிந்ததா என்று.

அவர் வந்து சேர்ந்தபோதும் முகில் மூடித்தான் இருந்ததாம். மாணவர்கள் பார்த்துச் சலித்துப் புறப்பட ஆயத்தமானார்களாம். இவர் கால் நோவினால் எழ முடியாமல் இருந்திருக்கின்றார். அப்போது கீழிருந்து ஒரு காற்று எழுந்து, முகிலிலே ஒரு கிழிசலை உண்டாக்கியது. ஐந்து நிமிடமோ அதற்குக் குறைவோ. கிழிசலின் அடியிலே பச்சை. பச்சையின் நடுவே ஒரு பாதை. பாதையோரமாக இரண்டு வரிசைத் தகரக் கூரை. வெயில் பட்டுத் தகரம் மின்னியதாம். மாணவர்கள் நீர்த்தேக்கம் தெரிகின்றதா என்று தூரத்தைப் பார்த்தார்களாம். இவர் மட்டும் நேர்கீழே பார்த்தார்.

"உங்கட லயமா?" என்று கேட்டேன்.

"தெரியாது. எல்லா லயமும் மேலேயிருந்து பார்த்தா ஒரே மாதிரித்தானே" என்றார். பிறகு, "ஆனா, முன்னால ஒரு மரம் நிண்டது" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் கூறவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த மாணவர்களுக்கு எங்கள் தமிழ் விளங்கவில்லை. ஆனால் எதையோ விளங்கிக்கொண்டவர்களைப் போல அவர்களும் அமைதியாய் இருந்தார்கள்.

திரும்பும்போது மாணவர்கள் எங்களோடு சேர்ந்தே வந்தார்கள். வவுனியா நண்பர் முன்னே நடந்தார். அவருடைய நடைக்கேற்ப மற்றவர் யாவரும் பின்னே நடந்தோம். அவ்வாறு நடந்தபோதுதான் நான் காலையிலே காணாதவற்றைக் கண்டேன்: ஓடையின் அடியிலே அசையாமல் நின்ற மீன், பட்டுப்போய் வெண்ணிறமாய் நின்ற பெருமரங்கள், கல்லின் பக்கமாய் ஒளிந்திருந்த, நகத்தின் அளவுள்ள ஒரு நீலப் பூ. பழைய விடுதியிலிருந்து ஒஹியவுக்கு மாணவர்கள் வந்த வானிலேயே எங்களையும் நெருக்கி ஏற்றிக்கொண்டார்கள். கூலி வாங்க மறுத்துவிட்டார்கள். தயிர்ச் சட்டி இரண்டும் அன்று மாலை விடுதி முற்றத்திலே அவர்களுக்கும் எங்களுக்குமாகக் காலியாயின. எதற்குக் கொண்டுவந்தார் என்பது முகாமையாளருக்கும் விளங்கியிருக்கவேண்டும். மூன்று முறை வாங்கி உண்டார்.

புகையிரத மேடையிலே இருட்டும் குளிரும். மட்டக்களப்பு நண்பர் வாங்கிலே அமர்ந்து, வவுனியா நண்பரின் காலைத் தம் மடிமேல் வைத்து, சித்தாலேபவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதன் மணம் மேடை முழுவதும் பரவிற்று. நான் அருகே சென்று, காலையிலே நான் அவசரப்பட்டது பெரும் பிழை. அதனாலேயே உன்னைத் தனியே விட்டுவிட்டோம் என்றேன். இதனைச் சொல்ல எனக்கு நாள் முழுவதும் தேவைப்பட்டது.

அவர் சற்று யோசித்தார். "இல்லை மச்சான்" என்றார். "நீ பக்கத்திலே இருந்திருந்தா, இனிப் பனி விலகாது, மணி பத்தாச்சு எண்டு சொல்லி என்னைக் கிளப்பியிருப்பாய்."

சுரங்கத்தின் பக்கமிருந்து வண்டியின் ஒலி கேட்டது. அடுத்தமுறை கீழேயிருந்து, பெலிஹுல்ஓயாப் பக்கமாக ஏறிப் பார்க்கவேண்டும் என்று முகாமையாளர் சொன்னார். சொல்லும்போதே தாளை எடுத்துப் பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டார். முதல் இலக்கத்திலே அவர் எழுதியதை விளக்கு வெளிச்சத்திலே எட்டிப் பார்த்தேன். புறப்படும் நேரம் என்று எழுதி, அதற்கெதிரே வவுனியா நண்பரைக் கேட்க என்று குறித்திருந்தார்.